பத்துக்கு எத்தனை

வியாழன் இரவுக் காட்சி முடிந்து
ஃபாஹீல் கடலோரம் நடந்தே வந்தோம்.
டிக்கெட் மூன்று தினார், பாப்கார்ன் அதில் சேராது.
அறைக்கு வந்ததும் செபஸ்தியான்
பிரிட்ஜ் கதவில் மார்க்கரால் படத்தின் பெயரை எழுதி
எதிரே ஒரு கோடு போட்டான்.
"ம், சொல்லுங்க. பத்துக்கு எத்தனை?"

இந்த வருஷத்தில் பதினேழு படம் ஏறியிருக்கிறது அந்தக் கதவில்.
ஒன்றுக்கு நாலரை; அரை, ஏசிக்கு.
ஒன்றுக்கு 'தூக்கம் ஒன்பது' என்று மட்டும்,
நைட் ஷிஃப்ட் முடித்து நேராகப் போன படம்.
பேய்ப் படத்துக்குப் போட்ட பூஜ்யத்துக்கு
யாரோ கண்ணும் மூக்கும் வைத்திருக்கிறார்கள்.

செபஸ்தியான் இன்று எட்டு.
"பத்துதான் போட்டிருப்பேன்.
சாரத்து மேல பெல்ட் மாட்டாம ஓடினான்ல ஹீரோ,
அதுக்கு ரெண்டு பிடிச்சுட்டேன்.
எங்க சேஃப்டி ஆபீசர் பாத்திருந்தா
இடைவேளைக்கு முன்னாலயே ஊருக்கு அனுப்பியிருப்பாரு."

குஞ்சிதபாதம் ஏழு.
அவர் எதற்கும் ஏழுதான்.
மெஸ் பிரியாணிக்கு ஏழு,
மகன் ரிசல்ட் வந்தபோதும் ஏழு.

ஜகுபர் ரெண்டு என்றான்.

கார்கோ கடையில் பதினோரு வருஷமாகப்
பெட்டி கட்டுகிறவன்.
"வெளிநாட்டுலேர்ந்து அண்ணன் வந்து இறங்குறான்ல,
பெட்டியை எப்படித் தூக்குனான், பாத்தியா?
ரெண்டு விரல்ல.
தோள் சாயலை. கழுத்து நரம்பு எழும்பலை.
பெட்டி காலி.
வாசல்ல அவ்வளவு பேர் நிக்கிறாங்க,
அம்மா அழுவுறா, பாட்டு வருது,
எனக்கு ஒண்ணும் கேக்கலை.
காலிப் பெட்டியோட எவன்டா ஊருக்குப் போவான்?"

யாரும் பேசவில்லை.
முப்பது கிலோ என்றால் என்னவென்று
நாலு பேர் தோளுக்கும் தெரியும்.
செபஸ்தியான்தான் கேட்டான்,
"அப்ப அந்த ரெண்டு எதுக்கு?"
"கயிறு ஒழுங்காக் கட்டியிருந்தது."

நான் ஐந்து போட்டேன்.
ஏன் என்றால் சொல்லத் தெரியவில்லை.
நன்றாகப் போய்க்கொண்டிருந்த படம்
இருட்டில் ஒரு படி தவறினாற்போல் ஆகிவிட்டது.
மாடியில் இருவரும் நிற்கிறார்கள், மழை வரப் போகிறது,
அடுத்த நொடி அவள் பஸ்ஸில்,
வேறு புடவை, அழுது முடித்த முகம்.
இங்கே கத்தரிப்பார்கள், தெரியும்.
எவ்வளவு என்பதுதான் தெரியாது.

மறுநாள் கோமதி கூப்பிட்டாள்.
சங்கரன்கோவிலில் அவளும் அக்காவும் மேட்னி போயிருக்கிறார்கள்.
"ஒன்பதரை" என்றாள் எடுத்த எடுப்பில்.
"அரை எதுக்குக் குறைச்சே?"
"முன் சீட்டுக்காரன் போனையே நோண்டிட்டு இருந்தான்."
என் ஐந்தைச் சொன்னதும் சண்டைக்கு வந்தாள்.
"அந்த மாடி சீன் பாத்துமா அஞ்சு?"
"எந்த மாடி சீன்?"

லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.
"அப்ப நீங்க படமே பாக்கலியே" என்றாள்.

பிறகு சொல்ல ஆரம்பித்தாள்.
அவன் கையைப் பிடிக்கிறான்; இல்ல, பிடிக்கல,
பிடிக்க வாரான்,
இவ கொடியில துணி எடுக்குற மாதிரி நகந்துக்கிடுதா.
எடுத்தது பூரா அவன் சட்டை.
"முத்தம்?" என்றேன்.
"இருக்கு. அது பெரிசில்ல.
அதுக்குப் பிறகு ஒரு சிரிப்புச் சிரிக்கா பாருங்க,
பல்லுக் காட்டாம, இப்படி."
சிரித்துக் காட்டினாள்.
வெறும் ஆடியோ கால்.
பல் காட்டாத சிரிப்பு எப்படிக் கேட்கும்?
கேட்டது.

படத்தில் அது நாலு நிமிஷம் இருக்குமாம்.
கோமதிக்கு இருபத்திரண்டு ஆயிற்று.
நடுவில் பாலை இறக்கிவைக்கப் போனவள்
திரும்பி வந்து, விட்ட இடத்துக்கு
ரெண்டு வசனம் முன்னாலிருந்து தொடங்கினாள்.

இரவு, ஈரத்துணியால் ஐந்தைத் துடைத்துவிட்டு
எட்டு எழுதும்போது செபஸ்தியான் பார்த்துவிட்டான்.
"என்னல, தனியாப் போய் இன்னொரு தடவை பாத்தியா?"
"ம்."
கம்பளிக்குள்ளிருந்து ஜகுபர் குரல்:
"ஊர்ல காட்டுற படத்துலயும் பெட்டி காலிதானா?"
கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.